என் மகள் மலையில் படி கட்டுகிறாள்

1

என் மகள் மலையில் படி கட்டுகிறாள்.

இந்த ஒரு வசனத்தை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஆறு வருடம் எடுத்தது. இப்போது கேட்கிறவர்களுக்கும் சொல்கிறேன், கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன். தமிழ்க் கடையில் மீன் வெட்டித் தருகிற தம்பிக்கும் தெரியும், பல் வைத்தியரின் வரவேற்பறையில் இருக்கிற பிள்ளைக்கும் தெரியும். "இனிக் காணும், நிப்பாட்டுங்கோ. சனம் உங்களைக் கண்டா மற்றப் பக்கத்தாலை போகுது" என்கிறாள் என் மனைவி ராணி. போகட்டும். ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவன் கொஞ்சம் கூடத்தான் பேசுவான்.

இதை எழுத உட்காரவைத்தது, போன கிழமை எங்கள் வீட்டு வாசலில் ஆடிய ஒரு கல். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முதல் நான் சொன்ன பொய்யைச் சொல்லவேண்டும்.

2

ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு என் வேலையை விளங்கப்படுத்தினால்தான் மிச்சம் விளங்கும். இங்கே கனடாவில் வீடுகளின் முன்னால் கார் விடுகிற இடத்துக்கும், வாசலுக்குப் போகிற நடைபாதைக்கும் கல் பதிப்பார்கள். இன்ரர்லொக் என்று பெயர். மண்ணை ஓரடிக்கு மேல் தோண்டி, சல்லி கொட்டி, இயந்திரத்தால் இடித்து இறுக்கி, மணல் பரப்பி, நூல் பிடித்து, ஒவ்வொரு கல்லாக வைக்கவேண்டும். முழங்காலில் இரண்டு மெத்தைகளைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க முழந்தாளில் நிற்கிற வேலை. இருபத்தெட்டு வருடமாக இதுதான் என் சீவியம். நாங்கள் இருக்கிற மில்லிக்கனில் என் முழங்கால் படாத தெரு குறைவு.

கல்லோடு எனக்கு முதற்பழக்கம் யாழ்ப்பாணத்தில், பள்ளிக்கூடம் போகிற வயதில். குண்டுக்கு ஒளிய வளவுக்குள் பங்கர் வெட்டினோம். இரண்டடி மண்ணுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக் கல். அலவாங்குக் கம்பி எகிறி எகிறி என் உள்ளங்கை கிழிந்தது. நாலடி ஆழம் வருவதற்குள் குண்டு போடுகிற பொம்பர் வந்துவிட்டது. அன்றைக்கே கல்லை வெறுத்தவன் நான். பிறகு அகதியாகக் கனடாவுக்கு வந்தால், இங்கேயும் எனக்குச் சோறு போட்டது கல்தான். ஆனபடியால் மகள் அபிராமி பிறந்தபோதே ஒரு முடிவு எடுத்தேன். என் பிள்ளை கல்லைத் தொடக்கூடாது.

அந்த முடிவுக்குப் பக்கபலமாக நின்றவர் அத்தான். என் அக்காவின் கணவர். கணக்காளராக வேலை செய்து ஓய்வு பெற்றவர், அஜக்ஸில் இருக்கிறார். நான் வந்திறங்கிய நாளில் விமான நிலையத்துக்கு வந்து, தன் குளிர் ஜக்கற்றைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டவர். மூன்று வருடம் அவருடைய வீட்டு பேஸ்மென்றில் படுத்தேன். அபி பன்னிரண்டாம் வகுப்புப் படித்த வருடம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் கார் ஓட்டி வந்து அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். விடை வந்தால் அதன் கீழே அளவுகோல் வைத்து இரண்டு கோடு கீறவேண்டும், அது அவருடைய சட்டம். கீறாவிட்டால் விடை சரியென்றாலும் பிழை போடுவார்.

அபிக்கு எஞ்சினியரிங் கிடைத்தது. என்னைவிட அத்தான்தான் அதை ஊருக்குச் சொல்லித் திரிந்தார்.

3

இரண்டாம் வருடம் நடுவில் அபி வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு, படிப்பை நிற்பாட்டிவிட்டேன் என்றாள். கேட்கவில்லை, சொன்னாள்.

"எனக்கு கொம்பியூட்டருக்கு முன்னாலை இருக்க ஏலாதப்பா. ஐ வோன்ற் ரு மேக் திங்ஸ். கையாலை."

"கையாலை செய்யிறதுக்கோ உன்னைப் படிப்பிச்சனான்?"

"நீங்கள் கையாலைதானே செய்யிறீங்கள்."

தோற்றுப்போன அப்பாமார் செய்கிறதை நானும் செய்தேன், கதவை அடித்துச் சாத்திவிட்டு கராஜுக்குள் போய் நின்றேன்.

அவள் முதலில் ஒன்ராறியோவின் வடக்கே ஒரு பூங்காவில் நடைபாதை திருத்துகிற வேலைக்குப் போனாள். பிறகு ஒவ்வொரு கோடையும் ஐஸ்லாந்து. அங்கே எரிமலைகளுக்கு நடுவில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அதை இயற்கைக் காப்பகமாக வைத்திருக்கிறார்கள். நடக்க வருகிறவர்களின் கால் பட்டு மலைச்சரிவு அரித்துப்போகாமல் படி கட்டிப் பாதை போடுகிற குழுவில் சேர்ந்தாள். குளிருக்கு வீட்டுக்கு வருவாள், பனி உருக முதல் போய்விடுவாள்.

அத்தானுக்கு நான் சொன்னது வேறு. "எஞ்சினியரிங் முடிச்சிட்டாள் அத்தான். வெளிநாட்டிலை புரொஜெக்ற் ஒண்டிலை நிக்கிறாள்." ஒரு தரம் சொன்ன பிறகு எல்லாருக்கும் அதையே சொல்லவேண்டி வந்தது. குளிருக்கு அவள் வந்து நிற்கிற நாட்களில் அத்தானைச் சந்திக்காமல் இருக்க ஏதாவது சாட்டுச் சொல்வேன். யூனியன்வில்லில் ஒரு பிறந்தநாள் விழாவில் யாரோ என்ன புரொஜெக்ற் என்று கேட்க, பாலம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த விழாவில் அந்தப் பாலம் இன்னும் கொஞ்சம் நீளமாகிவிட்டது.

இதற்குள் அரசாங்கத்தின் சனத்தொகைப் படிவம் வந்தது. வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் என்ன தொழில் என்று கேட்டிருந்தார்கள். அபியின் பெட்டியை வெறுமையாக விட்டு அனுப்பினேன். அந்தக் கந்தோரில் இருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டு, மகள் என்ன வேலை என்று பணிவாகக் கேட்டாள். என் அகதி வழக்கில் ஒரு திகதி பிழையாய்ப் போனதற்கு இரண்டு வருடம் இழுபட்டவன் நான். அரசாங்கத்துக்குப் பொய் சொல்ல எனக்குத் துணிவில்லை. கைத்தொலைபேசியை வாயோடு பொத்திக்கொண்டு, மலையில் படி கட்டுகிறாள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை, மூன்று தரம் சொல்லவேண்டி வந்தது. ராணி குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்று கேட்டுவிட்டாள்.

"கவுண்மேந்துக்கு மட்டும் உண்மை சொல்லுறார்" என்றாள்.

4

இந்த வருடம் எங்கள் திருமணத்துக்கு முப்பது வருடம். "எனக்கு நகையும் வேண்டாம், மண்டபமும் வேண்டாம். என்ர பிள்ளை வேலை செய்யிற இடத்தைப் பாக்கவேணும்" என்றாள் ராணி. ஆடி மாதத்துக்கு ரிக்கெற் போட்டோம். அதை அக்காவிடம் வாய்தவறிச் சொன்னது ராணியா நானா என்று இன்றைக்கும் வழக்கு நடக்கிறது. மூன்றாம் நாள் அத்தான் தொலைபேசியில்.

"என்ன ஐசே, மருமகளின்ர பாலத்தைப் பாக்க நீர் மட்டும் போறீரோ? நானும் போட்டிட்டன் ரிக்கெற். அதே பிளேன்."

அக்கா பேரப்பிள்ளைகளைப் பார்க்க நின்றுவிட்டார். அத்தானுக்கு எழுபத்தொரு வயது, இடுப்பில் ஒரு சத்திர சிகிச்சை. வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

அன்றைக்கே அபியைக் கூப்பிட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். மாமா கேட்டால் எஞ்சினியர் என்றே சொல்லு பிள்ளை, ஒரு நாள்தானே, என்று என் மகளிடம் கெஞ்சினேன். அங்கே காற்று வீசுகிற சத்தம்தான் கேட்டது.

"நான் பொய் சொல்ல மாட்டன். உண்மையும் சொல்ல மாட்டன். அது உங்கட பொய், அப்பா. நீங்களே பாருங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மகள் என்னை மதிக்காமல் போகிற தூரம் எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

5

அந்தப் பள்ளத்தாக்கின் பெயர் தோர்ஸ்மோர்க். உள்ளே போக ஒழுங்கான வீதி கிடையாது. ஆள் உயரத்துக்குக் கிட்டவான சக்கரங்கள் பூட்டிய பஸ் ஒன்று, கறுத்த மணலும் கற்களும் நிரம்பிய வெளியில், ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஆறுகளுக்குள் இறங்கி ஏறும். ஓரிடத்தில் சாரதி பஸ்ஸை நிறுத்தி, இறங்கிப்போய் ஆற்றைப் பார்த்து நின்றார். ராணி கைப்பையைத் திறந்து திருநீறு பூசினாள், அத்தானுக்கும் நீட்டினாள். ஆறு எங்களை அங்காலே போக விட்டது.

சுற்றிவர மூன்று பக்கமும் பனிப்பாறை. அதில் ஒன்றின் கீழேதான், பல வருடங்களுக்கு முன் வெடித்து ஐரோப்பா முழுக்க விமானங்களை நிறுத்திய எரிமலை இருக்கிறது. "உவரோ ஆள்" என்று அத்தான் அதைப் பார்த்துத் தலையாட்டினார். அவருடைய தம்பி அந்தக் கிழமை லண்டனில் அகப்பட்டு, யாரோ தெரியாதவர் வீட்டு விறாந்தையில் எட்டு நாள் படுத்தவர்.

யாழ்ப்பாணத்தான் மலையைப் பார்த்தால் என்ன செய்வான்? எங்கள் ஊரில் நான் ஏறிய ஆக உயர்ந்த இடம் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தாங்கி. அதற்கும் அதிபரிடம் அடி வாங்கினேன். கனடாவிலும் நாங்கள் பூங்காவுக்குப் போனால் கார் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் அடுப்பை மூட்டி, கோழி வாட்டி, சாப்பிட்டு, திரும்பி வருவோம். நடைபாதை என்று ஒன்று உள்ளே போகிறது என்பது எங்கள் ஆட்களில் பலருக்கு இன்னும் தெரியாது.

அபி பஸ்ஸடிக்கு வந்து நின்றாள். முகம் வெயிலில் கறுத்து, கால்சட்டை முழுக்கச் சாம்பல் நிறத் தூசி. முழங்கால் இரண்டிலும் மெத்தை. நான் கட்டுகிற அதே சாமான், அதே மாதிரி இடப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. ராணி கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, குழுவில் உள்ளவர்களுக்கென்று கொண்டுவந்த பருத்தித்துறை வடைப் பையைக் கொடுத்தாள். அத்தான் சுற்றிவரப் பார்த்தார்.

"பிள்ளை, உங்கட புரொஜெக்ற் எந்தப் பக்கம்?"

அபி என்னைப் பார்த்தாள்.

"மேலை" என்றேன் நான்.

6

ஏறத் தொடங்கினோம். கீழே தோளளவு உயரமான பேர்ச் மரங்கள். இடையிடையே தரையோடு படர்ந்த ஒரு ஊதாப் பூச்செடி. ராணி ஒரு இலையைக் கசக்கி மணந்து, "ஓமம் மாதிரி இருக்கு" என்று எல்லாருடைய மூக்குக்கும் கொண்டுவந்தாள். மரங்கள் முடிந்ததும் மலை செங்குத்தாக எழுந்தது. அங்கேதான் படிகள் தொடங்கின. கறுத்த எரிமலைக் கல்லில், வளைந்து வளைந்து மேலே போகிற படிகள்.

கல் பதிக்கிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாருடைய வீட்டுக்குப் போனாலும், கதவு தட்ட முதல், வாசல் கல்லின் மூலையில் குதிக்காலால் ஒரு மிதி மிதித்துப் பார்ப்போம். ஆடினால் உள்ளே போகுமட்டும் மனம் கேட்காது. மலையிலும் என் கால் தன்பாட்டில் அதைச் செய்யத் தொடங்கியது. ஒவ்வொரு படியிலும் ஒரு மூலை, மற்ற மூலை.

"என்ன ஐசே, டான்ஸ் பழகிறீரோ?" என்றார் பின்னால் வந்த அத்தான்.

நான் அடுத்த படியை மிதித்தேன். ஐம்பது படி தாண்டியும் ஒன்றும் ஆடவில்லை. நான் என் ஆட்களோடு செய்த வேலையில்கூட ஐம்பதில் ஒன்றாவது ஆடும். ஓரிடத்தில் மட்டும் குனிந்து பார்த்து, "நல்ல பெரிய கல்லை ஏன் பிள்ளை இவ்வளவு மண்ணுக்குள்ளை தாட்டு வைச்சிருக்கு? வீணெல்லோ?" என்று கேட்டேன்.

"வீணில்லை அப்பா. மேல் கல்லு கீழ்க் கல்லின்ர முதுகிலை ஏறி இருக்கு. ஒண்டை ஒண்டு அமத்திப் பிடிக்கும். உங்கட மாதிரி மணலிலை வைச்சா ஒரு வின்ரரோடை எல்லாம் கீழை போயிடும்."

இருபத்தெட்டு வருடம் கல் பதித்தவனுக்கு இது தெரியாது. எரிச்சல் வரவேண்டிய இடம். வந்தது வேறு, கண்ணைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றவேண்டியிருந்தது.

அத்தானுக்கு மூச்சு வாங்கியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு படியில் இருந்தார். தண்ணீர் குடித்துவிட்டு, பக்கத்துக் கல்லைத் தட்டிப் பார்த்தார்.

"உந்தப் படியள் இல்லாட்டி நான் கீழையே நிண்டிருப்பன். உதைக் கட்டினவன் கிழடுகளை நினைச்சுக் கட்டியிருக்கிறான். ஒரு இடத்திலையும் காலை அதிகம் தூக்க விடேல்லை. கெட்டிக்காரன்."

ராணி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அபி அங்காலே திரும்பி ஆற்றைப் பார்த்தாள். அந்த நேரம் நான் வாய் திறக்காவிட்டால், இனி எந்த நாளும் அவள் என் பக்கம் திரும்பமாட்டாள் என்று பட்டது.

"கட்டினவன் இல்லை அத்தான். கட்டினவள். அபிதான் கட்டினவள்" என்றேன்.

"டிசைன் பண்ணினதோ?"

"இல்லை. கல்லுத் தூக்கி, முழங்காலிலை நிண்டு, கையாலை கட்டினது. அவள் எஞ்சினியரிங் முடிக்கேல்லை. செக்கண்ட் இயரோடை விட்டிட்டாள். நான்தான் ஆறு வருசமா உங்களுக்குப் பொய் சொன்னனான். பாலமும் இல்லை, ஒண்டும் இல்லை."

அத்தான் எழும்பவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"உம்மைக் கூட்டிவர எயர்போட்டுக்கு வந்த அண்டைக்கு நான் உம்மட்டை என்ன படிச்சனீர் எண்டு கேட்டனானோ?" என்றார் மெதுவாக. "என்னை ஏன் ஐசே உப்பிடி நினைச்சனீர்?"

திட்டியிருக்கலாம். பிறகு எழும்பி மேலே நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். அவருடைய உதடு அசைந்துகொண்டிருந்தது, படிகளை எண்ணுகிறார் என்று விளங்கியது.

7

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கீழே கறுப்பு வெளியில் ஆறு நூறு கிளையாகப் பிரிந்து ஓட, எதிரே பனிப்பாறைகள் வெயிலில் மின்னின. பார்க்கவேண்டிய காட்சிதான். நான் அத்தானைத்தான் பார்த்தேன்.

"நான் இருந்த இடத்திலை இருந்து முன்னூற்றிப் பன்னிரண்டு படி" என்றார் அபியிடம். "எல்லாம் ஒரே உயரமில்லை. ஆனா காலுக்கு வித்தியாசம் தெரியேல்லை. எப்பிடிப் பிள்ளை?"

அவள் கால்சட்டைப் பையில் இருந்து ஒரு சிறிய குறிப்புப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். தூசியும் மழையும் பட்டு ஓரம் சுருண்ட புத்தகம். ஒவ்வொரு பக்கத்திலும் சரிவின் அளவு, படியின் உயரம், அகலம், அதற்குரிய கணக்கு. ஆங்கிலமும் எண்ணுமாக நெருக்கி எழுதியிருந்தாள். அத்தான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பக்கத்தை முழுக்கப் பார்த்தார். அடுத்த பக்கம். அதற்கடுத்தது.

நானும் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு விடையின் கீழும் இரண்டு கோடு இருந்தது.

அத்தான் புத்தகத்தை மூடி அவளிடம் கொடுத்தார். இரண்டு கையாலும் கொடுத்தார். "கணக்குச் சரி" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "உந்தப் பொய்யை நான் எத்தனை பேருக்குச் சொல்லிப்போட்டன் தெரியுமே. இனி ஒவ்வொருத்தரா ஃபோன் எடுத்துத் திருத்தவேணும். நீர்தான் லிஸ்ற் எழுதவேணும்" என்றார்.

இறங்கும்போது அவர் அபியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ராணி எனக்கு முன்னால் போனாள். நான் கடைசியாக, ஒரு கல்லையும் மிதித்துப் பார்க்காமல் இறங்கினேன்.

8

ஐப்பசியில் அபி வீட்டுக்கு வந்தாள். விமான நிலையத்தில் இருந்து கூட்டிவந்து, பெட்டியை நான் இறக்கிக்கொண்டிருக்க, அவள் வாசற்படிக்கு முன்னால் நின்று கல்லின் மூலையில் குதிக்காலால் ஒரு மிதி மிதித்தாள்.

"அப்பா, இது ஆடுது."

என் வீட்டு நடைபாதை நான் பதினைந்து வருடத்துக்கு முன் பதித்தது. ஊரார் வீட்டு வேலையில் என் வீட்டைப் பார்க்க நேரம் வரவில்லை. பனியும் உருகலும் அடியில் வேலை செய்திருந்தன. மிதித்துப் பார்த்தேன். ஆடியது.

போன சனிக்கிழமை காலை இரண்டு பேரும் முழங்காலில் மெத்தை கட்டிக்கொண்டு வாசலில் இறங்கினோம். கல்லைக் கிளப்பி, சல்லியைக் கிண்டி, அவள் சொன்னபடி முதற்படிக்குப் பெரிய கல்லொன்றை ஆழமாகத் தாட்டோம். நான் நூல் பிடித்தேன், அவள் வைத்தாள். நான் ஆறு வருடம் பயந்துகிடந்த காட்சி இதுதான். என் மகள், என் பக்கத்தில், மில்லிக்கன் தெருவோரம், முழங்காலில், கை முழுக்க மண்ணோடு.

நாலு வீடு தள்ளி இருக்கிற தமிழ் அன்ரி, கோயிலுக்குப் போகச் சேலை உடுத்திக்கொண்டு காருக்கு நடந்தவர், எங்களைக் கண்டு நின்றார். முகத்தில் இரக்கம் தெரிந்தது.

"என்ன அண்ணை, மகளும் உந்த வேலையோ?"

நான் நூலைக் கீழே வைத்துவிட்டு எழும்பினேன். முழங்கால் விறைத்திருந்தது, எழும்ப நேரம் எடுத்தது. அவர் காத்திருந்தார்.

"ஓம்" என்றேன். "என்னைவிட நல்லாச் செய்வாள். வந்து மிதிச்சுப் பாருங்கோ."